வெந்நீர் போன வழி

படுக்கையறை ஜன்னலின் கொக்கியை அன்று காலையில்தான் விலக்கினேன். மூன்று வாரமாக மூடிக் கிடந்த மரக்கதவு மழையில் ஊதிப் போயிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் 'டப்' என்று விட்டது. காத்துக்கொண்டிருந்த மாதிரி மூடுபனி உள்ளே வந்தது.

வெளியே ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து தரையைப் பார்த்தேன்.

பின்வாசல் பக்கத்திலிருந்து பச்சையாக ஒரு கோடு வந்திருந்தது. விரல் உயரம்கூட இல்லாத செடிகள். இரண்டு மூன்று சேர்ந்தாற்போல், பிறகு கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு மூன்று. பனிக்குள்ளிருந்து புறப்பட்டு, வீட்டுச் சுவரை ஒட்டி வளைந்து, நேராக என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றிருந்தது. அங்கே மட்டும் நெருக்கமாக, ஒரு தொட்டில் அளவுக்குக் கொத்தாக முளைத்திருந்தது.

அங்கே யாரும் பாத்தி கட்டவில்லை. எதையும் நடவில்லை.

என் மார்பு நனைந்தது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டி, நின்றுவிட்டது என்று நினைத்திருந்த பால், ரவிக்கையைத் தாண்டிச் சேலையில் இறங்கியது. அதைக் குடிக்க வீட்டில் ஆள் இல்லை.

ஜன்னலைச் சாத்தினேன்.

முளைக்காத விதை

கல்யாணமாகிச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். இது அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்தது. எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் அந்தோணி எஸ்டேட்டில் நர்சரி ரைட்டர். பெயர்தான் கணக்கு எழுதுகிற ரைட்டர். நாள் முழுக்க மண்ணிலும் நாற்றிலும்தான் கை இருக்கும்.

வாழவந்திப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஒரு மொட்டைச் சரிவு இருந்தது. அந்த வழியாக ஏறி வருகிற காற்று காப்பிப் பூவையெல்லாம் உதிர்த்துவிடும். அங்கே வரிசையாக வாட்டில் மரம் வைத்துக் காற்றைத் தடுக்கவேண்டும் என்று துரை முடிவு செய்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. எஸ்டேட் முதலாளியை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நீலகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சாக்கு விதை வந்து இறங்கியது. அங்கே இதைச் சீகை மரம் என்பார்களாம்.

மிளகைவிடச் சின்ன விதை. கறுப்பு. எண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு. பல்லில் வைத்துக் கடித்தால் பல்தான் வலிக்கும்.

அந்தோணி மூன்று தடவை விதைத்தார். மூன்று தடவையும் ஒன்றும் வரவில்லை. பாத்தி மண்ணை அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலித்தால், விதை போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அழுகவில்லை, பூச்சி அரிக்கவில்லை. மண்ணுக்குள் வாரக்கணக்கில் படுத்திருந்துவிட்டு, துடைத்து வைத்த மாதிரி வெளியே வந்தது.

"செத்த விதைன்னா அழுகிருக்கோணும் தெரசு. இது சாகவும் இல்ல, பொழைக்கவும் இல்ல" என்றார்.

நான் அப்போது ஏழு மாதம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மழை முடிவதற்குள் நாற்றைக் காட்டவில்லை என்றால் வேறு ரைட்டரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வேலை போனால் குடியிருக்கிற வீடும் போகும். அது எஸ்டேட் வீடு.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், சலித்தெடுத்த விதையை முறத்தோடு வீட்டுக்குக் கொண்டு வந்தார். பின்வாசலில் நின்று ஒரே வீச்சாக வீசினார். ஆலங்கட்டி விழுகிற மாதிரி தரையெல்லாம் தெறித்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சூடும் குளிரும்

ஏற்காட்டுத் தண்ணீரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும்.

நான் சேலத்து வெயிலில் வளர்ந்தவள். இங்கே காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையை அறுக்கும். துரை பங்களாவில் தொட்டி தொட்டியாக வயலட் செடி வளர்த்தார்கள். வெல்வெட் மாதிரி இலை. ஒரு மார்கழியில் அந்த இலைகளில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் விழுந்தன. ஈரமான விரலால் யாரோ தொட்டுத் தொட்டுப் பார்த்தது போல் இருக்கும். முன்பு அங்கே இருந்து செத்துப்போன வெள்ளைக்காரச் சீமாட்டி வந்து தொடுகிறாள் என்று வேலைக்காரர்கள் அந்த அறைக்குள் போக மாட்டோம் என்றார்கள். அந்தோணி போய்ப் பார்த்துவிட்டு, "கொழாய்த் தண்ணியப் புடிச்ச கையோட ஊத்தறீங்க. ஊட்டுக்குள்ள ஒரு மணி நேரம் வெச்சிருந்து ஊத்துங்க. எலை மேல படாம ஊத்துங்க" என்றார். அதற்குப் பிறகு புது வட்டம் விழவில்லை.

சித்திரையில் இதற்கு நேர்மாறு. வெயிலில் கிடக்கிற கறுப்பு ரப்பர் குழாயில் முதலில் வருகிற தண்ணீர் கொதிக்கும். அதை அப்படியே விட்டு ஒரு புதுத் தோட்டக்காரர் காசித்தும்பை வரிசை முழுவதையும் கருக்கிவிட்டார். அதிலிருந்து அந்தோணி எல்லோரிடமும், "மொதல்ல கையில புடிச்சுப் பாத்துட்டு உடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

இத்தனை தெரிந்தவருக்கு அந்த விதையின் சங்கதி தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுடுதண்ணீர் பட்டால் செடி செத்துப்போகும் என்றுதான் அவர் படித்திருந்தார்.

அண்டா

விதையை வீசிய மூன்றாம் நாள் விடியும்போது எனக்கு வலி எடுத்தது. குறித்த நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது.

ராத்திரி முழுக்க அடித்த மழையில் சேலம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. குப்பனூர் வழியும் அடைபட்டுக் கிடந்தது. எங்களோடு இருந்தவர் அந்தோணியின் அக்கா லூர்து, புருஷன் இல்லாதவர். அவர்தான் வாழவந்திக்கு ஆள் அனுப்பி செல்லியை அழைத்துவரச் சொன்னார். செல்லி சாமையும் ராகியும் போடுகிற மலைக்காரக் குடும்பம். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் பிறந்தன.

வந்ததும், "அண்டா நெறையத் தண்ணி வெய்யுங்க. தளதளன்னு கொதிச்சுட்டே இருக்கோணும்" என்றாள்.

பின்வாசலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் மூன்று கல் வைத்து லூர்து அக்கா அண்டாவை ஏற்றினார். படுத்த இடத்திலிருந்தே அது கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மத்தியானம் குழந்தை பிறந்தது. அதன் பிறகும் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பெண் குழந்தை. செல்லி அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். மறுபடி தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு துணிக்கு வெளியே நிறைய முடி தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

"கண்ண மூடிப் படுங்க அம்மணி" என்று செல்லி என் நெற்றியை அழுத்தினாள்.

பின்வாசலில் லூர்து அக்காவின் குரல் உயர்ந்தது. "பொறப்புக்கு வெச்ச தண்ணி. இது இனி ஒரு நொடி இந்த ஊட்டுல இருக்கக் கூடாது." அடுத்து 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீளமான சத்தம். ஜன்னலுக்கு வெளியே பனியைவிட வெள்ளையாக, அடர்த்தியாக ஆவி எழுந்து போனது.

கொஞ்ச நேரம் கழித்து, சரியாக என் ஜன்னலுக்குக் கீழே மண்வெட்டி விழுந்தது. சதக். சதக். சதக். நின்றுவிட்டது. அந்தோணியின் செருப்புச் சத்தம் விலகிப் போனது. எனக்கு நினைவு தப்பியது.

கண் விழித்தபோது அறை கழுவிவிடப்பட்டிருந்தது.

"புள்ளைய எங்கீங்க வெச்சீங்க?" என்று லூர்து அக்காவைக் கேட்டேன்.

"ஆண்டவர்கிட்டப் போயிருச்சு. இப்ப அதையெல்லாம் கேக்கக் கூடாது" என்றார்.

அந்தோணியைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானஸ்நானம் வாங்காத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மண்வெட்டிச் சத்தத்தைக் காதால் கேட்டிருந்தேன். மேற்கொண்டு யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டதும் அன்றைக்குத்தான்.

நெருங்கி வந்தது

இப்போது முதலில் சொன்ன காலைக்கு வருகிறேன்.

அந்தச் செடிகளைப் பார்த்த பிறகு என்னால் ஜன்னலைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. தினமும் காலையில் கொக்கியை எடுப்பேன். தினமும் கோட்டில் ஓர் இடைவெளி அடைந்திருக்கும். நடக்கப் பழகுகிற குழந்தை நின்று நின்று கால் வைக்கிற மாதிரி இருந்தது. இறகு போல ஒரு மெல்லிய இலை ஒவ்வொன்றிலும் விரிந்தது. காற்றே இல்லாத மத்தியானத்திலும் ஜன்னலடிக் கொத்து மட்டும் லேசாக அசையும். மேலே ஓட்டிலிருந்து மழைத்துளி விழுகிறது என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டே நிற்பேன். நிற்கும்போதெல்லாம் பால் கசியும்.

லூர்து அக்கா அதைப் பார்த்த அன்று கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டார். ஒரு பிடி உப்பை வாரி அதன் மேல் இறைத்தார். ராத்திரி மழை உப்பைக் கரைத்துக்கொண்டு போனது. செடி அப்படியே நின்றது.

செல்லி எனக்கு ராகிக்கூழ் கொண்டு வந்தாள். எப்போதும் பின்வாசலில் வருகிறவள், கோட்டைக் கண்டதும் அதைத் தாண்டவில்லை. வந்த வழியே திரும்பி, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தாள்.

"அதைப் புடுங்காதீங்க அம்மணி. மிதிக்கவும் வேண்டாம். யாரும் போடாம வந்தது. மலை மேல இருக்கற சேர்வராயன் சாமிக்குத்தான் வெளிச்சம்."

"அது என்னைத் தேடி வருது செல்லி" என்றேன்.

 அவள் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்வாசல் வழியாகவே போனாள்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் நான் அந்தச் செடிகளோடு பேசினேன். பயமாக இருந்தது. ஆனால் மறுநாள் அது அங்கே இல்லாமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மண்வெட்டி

அந்தோணி இதையெல்லாம் அறியவில்லை. இருட்டோடு போய் இருட்டோடு வருவார். குழந்தை போனதிலிருந்து வீட்டின் பின்பக்கம் அவர் எட்டிப்பார்க்கவே இல்லை. லூர்து அக்காதான், "ஜன்னலுக்கடியில என்னவோ மொளைச்சிருக்குது. புடுங்கி எறிடா. அவ அதையே பாத்துட்டு நிக்கறா" என்று சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சதக்.

அதே இடம், அதே சத்தம். எப்படி எழுந்தேன், எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. "தோண்டாதீங்க! அவ அங்க இருக்கா!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து, வேரோடு ஒரு செடியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இலை நுனியில் கறுப்பாக விதைத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெரசு, இது வாட்டிலு! நம்ம வெதை!"

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. எந்த மனித முகத்தையும் நான் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு வெறுத்ததில்லை.

நான் கத்தியது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. "யாரு? யாரு அங்க இருக்கா?"

"அன்னிக்கு நீங்க மண்ண வெட்டுனது எனக்குக் கேட்டுச்சு."

அவர் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார்.

"மாதா சத்தியமா இங்க இல்ல. அக்கா கொட்டுன சுடுதண்ணி ஓடியாந்து இந்தப் பள்ளத்துல தேங்கி நின்னுச்சு. சொவத்துக்குள்ள எறங்குதுன்னு வாய்க்கா வெட்டி உட்டேன். அதுதான் அந்தச் சத்தம்."

"பின்ன எங்கீங்க?"

"நீ நடக்கற தெம்பு வரட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

நான் நம்பவில்லை. "அப்படின்னா தோண்டிக் காட்டுங்க" என்றேன்.

அவர் அந்தக் கொத்தை மண்ணோடு பெயர்த்துக் கூடையில் வைத்தார். பிறகு தோண்டினார். கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. லூர்து அக்கா வாசலில் நின்று ஜெபமாலையை உருட்டினார். செம்மண் வந்தது. ஒரு மண்புழு வந்தது. பாறை தட்டும் வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

அங்கே ஒன்றும் இல்லை.

அந்தக் கணம் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். பாதுகாத்து வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது மாதிரிதான் இருந்தது. குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். குழந்தை பிறந்ததிலிருந்து நான் அழுதது அன்றுதான்.

மூன்று டம்ளர்

மறுநாள் அவர் செல்லியைக் கூப்பிட்டு, "அன்னிக்குத் தண்ணி எவ்வளவு கொதியில இருந்துச்சு?" என்று கேட்டார். செல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன். மகள் போன நாளைப் பற்றி இந்த மனிதருக்குக் கேட்க இருந்தது இது ஒன்றுதானா?

சமையலறையில் மூன்று டம்ளர் வைத்தார். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் விரல் பொறுக்கிற சூடு, ஒன்றில் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது. மூன்றிலும் சாக்கில் மிச்சமிருந்த விதை ஒவ்வொரு பிடி. அடுத்த நாள் பார்த்தால் முதல் இரண்டில் விதை கல்லாகவே கிடந்தது. மூன்றாவதில் இரண்டு மடங்காக உப்பி, தோல் நகத்துக்கு இளகியது. அந்த விதை வெந்நீருக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறது. லூர்து அக்கா கொட்டிய தண்ணீர், அவர் வீசிய விதையை இளக்கி, தன்னோடு அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் சேர்த்திருக்கிறது. வழியில் தங்கியது வழியில் முளைத்தது.

அவசரத்தில் அவர் ஒரு படி விதையை அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டார். அவ்வளவும் வெந்து கூழாகிவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கே தெரியாமல் வாயைத் திறந்தேன். "கொதிச்ச தண்ணிய எறக்கி வெச்சுட்டுப் போடோணுங்க. அடுப்பு மேலயே வெச்சா எது பொழைக்கும்?"

அதற்குப் பிறகு அதை நானே செய்தேன். தண்ணீர் கொதித்ததும் இறக்குவேன். குமிழ் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். விதையைக் கொட்டி, மேலே துணி மூடி, மறுநாள் வரை தொடமாட்டேன். படுக்கையிலிருந்து எழுந்து நான் செய்த முதல் வேலை அதுதான். இரண்டு வாரத்தில் பாத்தி முழுக்க இறகு இறகாக எழுந்து நின்றது. துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். வேலையும் வீடும் தங்கின. அடுத்த மழைக்குச் சரிவில் நட்டார்கள். ஜன்னலடியில் வந்தவற்றையும் அவற்றோடு சேர்த்து நடலாமா என்று அந்தோணி கேட்டார். நடுங்கள் என்றேன்.

அந்தக் கொத்தைக் கூடையில் பெயர்த்து வைத்த அன்றே எனக்குப் பால் நின்றுபோயிருந்தது. ஏன் என்று தெரியாது. விதைக்குத்தான் காரணம் கிடைத்தது.

வேலிக்கு வெளியே

தை மாதம் ஒரு நாள் காலை, "வா போலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் கம்பி வேலியை ஒட்டி வெளியே நடந்தோம். வேலி முடிகிற மூலையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஒரு சின்ன மேடு. அவர் உள்ளங்கை அளவில் கற்கள் பொறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். அதன் மேல் புல்கூட முளைக்கவில்லை. பனி எங்களைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வெக்க உட மாட்டாங்கன்னு தெரியும். வெளிய வெச்சேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிறகு நான் கேட்டேன். "புள்ளையக் கழுவுனீங்களா?"

"கழுவுனேன். நாந்தான்."

"எந்தத் தண்ணியில?"



"பச்சத் தண்ணிதான் தெரசு. சுடுதண்ணிதான் கொட்டிப் போச்சே. டிரம்முல இருந்த மழைத் தண்ணி. எங்கையே வெரைச்சுப் போச்சு. கழுவி முடிக்கறப்ப அவ ஒடம்பு நொம்பச் சில்லுனு ஆயிருச்சு. துணியில சுத்த மனசு வரல. சட்டைய அவுத்து உள்ளார வெச்சு நெஞ்சோட புடிச்சுட்டு நின்னேன். கொஞ்சம் சூடு ஏறட்டும்னு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. அக்கா வந்து 'போதும்டா, குடு'ன்னு வாங்குனா."

"எதாச்சும் பேசுனீங்களா அவகிட்ட?"

"கூப்புட்டேன்."

"என்னன்னு? பேருதான் வெக்கலையே."

"கண்ணுன்னு கூப்புட்டேன்" என்றார்.